கேட்காத வாத்தியம்

ஒரு பாட்டு முடிந்ததும் மனதில் என்ன நிற்கிறது? முதலில் குரல். பிறகு வரிகள். கொஞ்சம் கவனித்துக் கேட்பவர் என்றால் புல்லாங்குழல், வயலின், தபேலா என்று சொல்வார். பேஸ் கிட்டார் என்று சொல்பவர் நூறில் ஒருவர் இருந்தால் அதிகம். மேடையில் அதை வாசிப்பவரை ஊரில் "இன்னொரு கிட்டார்க்காரர்" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அவருடைய கிட்டாருக்கு நான்கே தந்திகள். கழுத்து நீளம், சத்தம் குறைவு. அவர் என்ன வாசிக்கிறார் என்றே பலருக்குத் தெரியாது.

அப்படி ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரகடம் பக்கத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பையன். மாத்தூரில் ஒரே அறையில் நான்கு பேரோடு வாடகைக்கு இருக்கிறான். விடுமுறை நாட்களிலும் திருவிழாக் காலத்திலும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பான். சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதில் கிடைப்பது பஸ் செலவுக்கும் டீ செலவுக்கும்தான் சரியாக வரும். ஆனாலும் விடமாட்டான்.

ஒரு ஆடி மாதம், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது குழுவின் தலைவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. கமிட்டிக்காரங்க பணத்தக் கொறச்சுட்டாங்க. இந்தத் தடவை பேஸை கீபோர்டுலயே பாத்துக்கலாம்னு இருக்கோம்."

"சரிண்ணே" என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

தலைவர் சொன்னதில் தப்பில்லை. இன்றைய கீபோர்டில் கட்டைகளை இரண்டாகப் பிரிக்கலாம். இடது கைப் பக்கம் பேஸ் கிட்டார் ஒலி, வலது கைப் பக்கம் வயலினோ பியானோவோ வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆள் சம்பளம் மிச்சம், வண்டியில் ஓர் இடம் மிச்சம். பணம் குறைந்தால் குழுவில் முதலில் வெட்டுப்படுவது பேஸ்தான். பாடகரை வெட்ட முடியாது. தாளத்தை வெட்ட முடியாது. யாருக்கும் கேட்காத வாத்தியத்தை வெட்டலாம். கேட்காத வாத்தியம் போனால் என்ன நஷ்டம் என்று அவரும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான்.

ஊரின் அடிச்சுருதி

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பு ராமானுஜர் பிறந்த ஊர். இப்போது தொழிற்சாலை ஊர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் வந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. 2013-ல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு வந்தது. 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் ஆலை வந்தது. இந்த யமஹா பைக்கின் சின்னத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் இருப்பவை மூன்று இசைக்கவைகள். பள்ளி அறிவியல் கூடத்தில் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்போமே, அதே கவைதான். டோரகுசு யமஹா 1887-ல் பழுதான ஓர் ஆர்கனைச் சரி செய்ததில் தொடங்கிய கம்பெனி அது. பைக் பிரிவு 1955-ல் தனியாகப் பிரிந்தது. சின்னம் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஆக, வல்லம் வடகாலில் லைனை விட்டு இறங்கும் ஒவ்வொரு வண்டியும் ஒரு சுருதிக் கருவியைச் சுமந்துகொண்டுதான் ரோட்டுக்கு வருகிறது!

அந்தப் பையனுக்கு இந்தப் பகுதியைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரியும். இந்தியாவில் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய அதே சுருதி. டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று உறுமுவது அதன் இரண்டு மடங்கில், 100 ஹெர்ட்ஸில். அதுவும் அதே ஜி-க்கு ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கூடுதலாக. அதாவது ஒரகடம் சாலையில் எந்த டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்றாலும் லேசாகச் சுருதி விலகிய ஒரு ஜி காதில் விழும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. கரண்டு போனால்தான் "ஏதோ நின்னுபோச்சே" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பேஸ் என்பதும் அப்படிப்பட்ட ஒலிதான்.

எழுபது வருடக் கதை

பேஸ் கிட்டார் பழைய வாத்தியம் அல்ல. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்த முதல் மின்சார பேஸ் கிட்டார். அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. தாளமும் ட்ரம்பெட்டும் சேர்ந்தால் அதன் சத்தம் கேட்கவும் கேட்காது. புது வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் உலோகக் கட்டங்கள் இருப்பதால் விரல் சரியான இடத்தில் விழுந்தால் சுருதியும் சரியாக இருக்கும். 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். தடித்த தந்தி 41.2 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தியை விட ஒரு ஸ்தாயி கீழே. காற்றில் அந்த ஒலியலையின் நீளம் சுமார் 8.3 மீட்டர், அதாவது 27 அடி. கிராமத்துத் திருவிழா மேடையே சில சமயம் அவ்வளவு அகலம் இருக்காது!

இவ்வளவு பெரிய அலையை உங்கள் செல்போன் ஸ்பீக்கரால் உண்டாக்க முடியாது. போனில் பாட்டு கேட்கும்போது பேஸின் அடிநாதம் ஏறக்குறைய வருவதே இல்லை. அதன் மேல்நாதங்கள் மட்டும் வருகின்றன. அவற்றை வைத்து மூளை அடிநாதத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. மனிதக் காதும் தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. அதனால்தான் பாடகருக்குச் சின்ன பாக்ஸ் போதும் என்றால் பேஸுக்குப் பெரிய பாக்ஸும் அதிக வாட்ஸும் வேண்டியிருக்கிறது. பேஸ் கேட்கவில்லை என்றால் குற்றம் வாசிப்பவர் மேல் மட்டும் இல்லை.

சத்தத்தை நிறுத்தும் கலை

பேஸ் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, "எப்படி வேகமா வாசிக்கிறது?" என்பதுதான். அந்தப் பையனும் அப்படித்தான் தொடங்கினான். சொல்லிக்கொடுத்தவர் வயதான ஆர்கெஸ்ட்ரா கலைஞர். ஆறு மாதம் அவனை ஒரே வேலை செய்ய வைத்தார். ஸ்வரத்தைத் தொடங்குவது இல்லை, முடிப்பது!

"தம்பி, அடிக்கிறது யார் வேணா அடிப்பான். எப்ப நிறுத்துறேங்கிறதுதான் பேஸு" என்பார்.

இது தத்துவம் இல்லை, சுத்தமான தொழில்நுட்பம். தடித்த தந்தி ஒருமுறை அதிர்ந்தால் பல நொடிகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு தந்தியை மீட்டும்போது பக்கத்துத் தந்திகளும் சும்மா இருக்காமல் கூடவே முனகும். தாழ்ந்த ஒலிகள் இரண்டு மூன்று சேர்ந்தால் மேடை முழுக்கக் குழம்பாகிவிடும். ஆகவே வாசிக்கிற நேரம் முழுக்க, வாசிக்காத தந்திகளை ஊமையாக்கி வைப்பதுதான் பாதி வேலை. வலது கைக் கட்டைவிரல் தடித்த தந்தியின் மேல் சாய்ந்திருக்கும். கீழ்த் தந்திக்கு இறங்கும்போது கட்டைவிரலும் கூடவே இறங்கி, மேலே விட்டு வந்த தந்திகளை மூடிக்கொள்ளும். இடது கையில் ஸ்வரம் பிடிக்காத விரல்கள் தந்தியைத் தொட்டபடி படுத்திருக்கும்.

மீட்டுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. மீட்டிய விரல் காற்றில் பறக்காமல் அடுத்த தந்தியில் போய்ச் சாய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் வரும். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் இறுக்கமான, தெளிவான ஒலி. கழுத்துப் பக்கம் மீட்டினால் தடித்த, உருண்ட ஒலி. எந்தப் பொத்தானையும் திருகாமல் கையை இரண்டு அங்குலம் நகர்த்தியே ஒலியை மாற்றிவிடலாம்.

இடது கைக்கு அவனுடைய தொழிற்சாலை உதவியது. லைனில் டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட் முடுக்கும்போது 'டிக்' என்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் மரை கெட்டுவிடும். தந்தியும் அப்படித்தான். உலோகக் கட்டத்துக்குச் சற்றுப் பின்னால், கரகரப்பு இல்லாமல் ஒலி வரும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். புதிதாகக் கற்பவர்கள் உயிரைக் கொடுத்து அழுத்துவார்கள். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். எட்டு மணி நேரம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைக்கு இது வீண் ஆபத்து. நைட் ஷிப்ட் முடித்து வந்து வாசித்தால் பத்து நிமிடம் வெறும் கையை நீட்டி மடக்கிவிட்டுத்தான் அவன் கிட்டாரைத் தொடுவான். முதல் நான்கு ஐந்து கட்டங்கள் அகலமானவை. அங்கே நான்கு விரலையும் விரித்து வைக்காமல் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் என்று டபுள் பேஸ்காரர்களின் பழைய முறையில் பிடிப்பான். அதனால் மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கும்.

எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் மீட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் வாசித்த கேரல் கே என்ற பெண்மணி பிக் பிடித்து வாசித்தார். தந்தியின் மேல் ஒரு கம்பளித் துணித் துண்டை வைத்து ஒலியைச் சுருக்கிக்கொள்வார். லேரி கிரஹாம் தன் தாயாரின் குழுவில் வாசித்தபோது டிரம்மர் இல்லாமல் போனது. அந்தக் குறையை ஈடுகட்டக் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், இன்னொரு விரலால் தந்தியை இழுத்து விட்டார். இன்று உலகமே 'ஸ்லாப்' என்று கைதட்டும் உத்தி அப்படி ஒரு நெருக்கடியில் பிறந்ததுதான். மூவரின் வழியும் வேறு வேறு. ஆனால் மூவரும் யோசித்தது ஒன்றைத்தான். பாட்டுக்கு இப்போது கீழே என்ன தேவை?

உறையில் இல்லாத பெயர்கள்

தமிழ்ப் பாட்டுக்கு வரலாம். பேஸ் கிட்டாரை ஒரு சுருதிக் காவலாளி நிலையிலிருந்து பாடகனுக்குச் சமமாக உயர்த்தியவர் இளையராஜா என்று சொன்னால் மிகையாகாது. அவரே கிட்டார் வாசித்து வந்தவர். பேஸுக்கு என்ன வர வேண்டும் என்பதையும் ஸ்வரமாக எழுதிக் கொடுப்பவர். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாடலை ஒரு நல்ல ஹெட்போனில் போட்டு, யேசுதாஸின் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அது மெட்டுக்குத் துணை போகவில்லை. தனியாக இன்னொரு மெட்டாக நடக்கிறது. குரல் நிற்கும் இடத்தில் அது நகர்கிறது, குரல் நகரும் இடத்தில் அது ஒதுங்கிக்கொள்கிறது.

ராஜாவின் பாடல்களில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எண்பதுகளின் கேசட் உறைகளில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மானின் ஆல்பம் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களும் அச்சாயின. சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரின் பெயரைப் பல பேர் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் அல்ல. ஜேமர்சன் வாசித்த பாட்டுகள் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது உறையில் அவர் பெயர் இல்லை. 1971-ல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அந்தக் கலைஞர்களின் பெயர்கள் அச்சேறின. அவர் 1983-ல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000-ல்!

அந்தப் பையன் தன் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். பாட்டின் பெயர், பக்கத்தில் பேஸ் வாசித்தவர் பெயர். உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எழுதுவான். பட்டியலில் பாதி இடம் காலி.

எதை வாங்குவது?

சம்பளம் கையில் வந்ததும் ஐந்து தந்தி, ஆறு தந்தி, பளபளப்பான மரம் என்று ஆசை வருவது சகஜம். திருவிழா மேடைக்கு எது உதவும் என்று யோசித்தால் கணக்கு வேறாக வருகிறது.

முதல் எதிரி இரைச்சல். சீரியல் பல்பு, டியூப் லைட், ஜெனரேட்டர் என எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். கிட்டாரின் பிக்-அப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய கம்பிச் சுருள். ஒற்றைச் சுருள் என்றால் தந்தியின் அதிர்வோடு அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். 1957 முதல் பிரிசிஷன் பேஸில் சுருளை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக இணைத்தார்கள். ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள்கள். இப்போதைய ஜாஸ் பேஸ்களில் இரண்டையும் சம அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றை மட்டும் குறைத்தால் திரும்ப வரும். ஆகவே பிரித்த சுருள் உள்ள சாதாரண நான்கு தந்தி கிட்டார்தான் திருவிழா மேடைக்கு ராஜா. அந்தப் பையன் வைத்திருப்பதும் பழைய விலைக்கு வாங்கிய அப்படி ஒன்றுதான்.

இரண்டாவது தந்தி. வட்டக் கம்பி சுற்றிய தந்தி பளிச்சென்று ஒலிக்கும். ஆனால் விரல் நகரும்போது கீச்சென்று சத்தம் வரும், வியர்வையும் அழுக்கும் ஏறினால் சீக்கிரம் மந்தமாகும். தட்டைக் கம்பி சுற்றிய தந்தி வழுவழுப்பானது. விலை அதிகம், ஆனால் பல வருடம் வரும். ஒலி உருண்டையாக இருக்கும். எழுபது, எண்பதுகளின் பாடல்களே அதிகம் கேட்கப்படும் கச்சேரிக்கு அது பொருத்தம். கூலண்ட் எண்ணெய் ஒட்டிய கையோடு தந்தியைத் தொடுவது மகா பாவம். சோப்புப் போட்டுக் கழுவி, வாசித்து முடித்ததும் பனியன் துணியால் தந்தியை ஒவ்வொன்றாகத் துடைத்துவைப்பான்.

மூன்றாவது, விலை குறைந்த ஆனால் பலர் வாங்காத பொருள்: டிஐ பாக்ஸ். கையளவுப் பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை நீள ஒயரில் இரைச்சல் ஏறாமல் மிக்சருக்கு அனுப்பும். சொந்தமாகப் பெரிய பேஸ் ஆம்ப் வாங்கி டாட்டா ஏஸில் ஏற்றி இறக்குவதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

மேடைப் பழக்கங்கள்

டிஐ பாக்ஸில் தரையிணைப்பைத் துண்டிக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். இரைச்சல் வந்தால் அதைத் தள்ள வேண்டும். அது சிக்னல் ஒயரின் இணைப்பை மட்டும் துண்டிக்கிறது. சிலர் அதற்குப் பதிலாக ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னையே உடைத்துப் போட்டுவிடுகிறார்கள். இரைச்சல் போகும், கூடவே உயிரும் போகலாம். கிட்டாரின் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. ஒரு பக்கம் எர்த் கெட்டிருந்தால், கை தந்தியிலும் உதடு மைக்கிலும் படும் நொடியில் கரண்டு உடம்பு வழியாகப் பாயும்.

அந்தப் பையன் கிட்டார் உறையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். மேடை ஏறியதும் மைக்கின் இரும்பு வலையில் அதை வைத்துப் பார்ப்பான். ஒருமுறை விளக்கு எரிந்துவிட்டது. சவுண்ட் செட்காரரிடம் சொன்னான். "எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருக்கும் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். இவன் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். கால் மணி நேரம் கழித்து ஜெனரேட்டரின் எர்த் ஒயர் தரையில் கழன்று கிடந்தது தெரிந்தது. அன்றைக்குப் பாட வந்தவர் பத்தாவது படிக்கும் ஒரு சிறுமி. கமிட்டியில் யாரும் இவனைப் பாராட்டவில்லை. கச்சேரி தாமதமானதற்குத்தான் முணுமுணுத்தார்கள்.

மற்றப் பழக்கங்கள் சின்னச் சின்னவை. நிற்கும் இடம் டிரம்மரின் ஹை-ஹாட் பக்கம், கிக் மிதிக்கும் கால் கண்ணில் படும்படி. தோள்வார் உட்கார்ந்து பழகிய அதே உயரத்தில், முழங்காலுக்குத் தொங்கவிடுவது இல்லை. ஒயரை ஒரு சுற்று வாரில் மாட்டிக்கொண்டால் யாராவது மிதித்தாலும் பிளக் பிடுங்காது. பாட்டுக்கு நடுவே சத்தத்தை மூடிவிட்டுத்தான் சுருதி சேர்ப்பது. அறிவிப்பாளர் பேசும்போது விரலைச் சும்மா வைத்திருப்பது. கேட்கச் சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம்!

காதுக்கு, தொழிற்சாலையில் கொடுக்கும் அதே பஞ்சு அடைப்பான். தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. திருவிழா பாக்ஸ் முன்னால் அதைவிட அதிகம் இருக்கும். பஞ்சு அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகம் தடுக்கும், தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே தடுக்கும். பாடகருக்கு அது தொல்லை. பேஸ் வாசிப்பவருக்கோ தன் வாத்தியம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

பேஸ் இல்லாத கச்சேரி

அந்த ஆடிக் கச்சேரிக்கு அவன் பார்வையாளனாகப் போனான். வைராக்கியத்தில் இல்லை, அன்று ஷிப்ட் இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில், கூழ் ஊற்றிய அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் நின்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் யாரும் "பேஸ் எங்கே?" என்று கேட்கவில்லை. முன்வரிசைச் சிறுவர்கள் ஆடினார்கள். விசில் அடித்தார்கள். கீபோர்டுக்காரரின் இடது கை தன்னால் முடிந்த அளவு தாழ்ந்த ஸ்வரங்களை வைத்தது. வலது கைக்கு வயலின் பகுதி வந்தபோதெல்லாம் இடது கை ஒரே ஸ்வரத்தில் நின்றுவிட்டது. அவர் மேல் தப்பில்லை. மூன்று பேர் வேலையை இரண்டு கை செய்தது. 'இளைய நிலா' வந்தபோது கிட்டார் மேலே தனியாக அலைந்தது. இரண்டாம் சரணத்தில் பாடகர் கொஞ்சம் ஓடினார். டிரம்மர் அவரைத் துரத்தினார். கூட்டத்துக்கு அதுவும் தெரியவில்லை. பாட்டு ஏனோ சீக்கிரம் முடிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு பின்வரிசைப் பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது டிரம்மர் தலைவரிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

"அண்ணே, அந்தப் பையன் இல்லாம முடியல. கிக்க மிதிச்சா கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கு."

தலைவர் பதில் சொல்லவில்லை. கணக்கு நோட்டைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அண்டாவுக்குப் பக்கத்தில் இவன் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"வந்திருக்கியா தம்பி? சாப்டியா?"

"ஆச்சுண்ணே."

"ஆவணில ஒரு கல்யாண ரிசப்ஷன் இருக்கு. வந்துரு. சின்னக் கச்சேரிக்கெல்லாம் கூப்பிட முடியாது பாத்துக்க."

"சரிண்ணே."

தலைவரின் கணக்கு மாறவில்லை. பெரிய கச்சேரிக்கு மட்டும் பேஸ். சின்னக் கச்சேரிக்குக் கீபோர்டின் இடது கை. இந்தப் பகுதியில் பல குழுக்களின் நிலைமை இதுதான், இனிமேலும் இப்படித்தான் இருக்கலாம். கேட்காத வாத்தியத்தின் நஷ்டம் பார்வையாளருக்குத் தெரிவதில்லை. கூட வாசிப்பவருக்குத்தான் தெரிகிறது. அவரிடம் கணக்கு நோட்டு இருப்பதில்லை.

அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தால் ஒரே ஒரு பாட்டுக்குப் பாடகரை விட்டுவிட்டு, டிரம்ஸ் பக்கத்தில் அசையாமல் நிற்கும் ஆளைக் கவனியுங்கள். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பெயர்களை வாசிக்கும்போது அந்தப் பெயர் விடுபட்டால், கீழே இறங்கியதும் நீங்களே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பையன் அன்று இரவு டிரம்ஸைக் கழற்றி வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டுக் கடைசி ஷேர் ஆட்டோவில் மாத்தூர் திரும்பினான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிப்ட். தூங்குவதற்கு முன் சத்தமில்லாமல், ஆம்ப் இல்லாமல், அறையில் மற்றவர்கள் விழித்துக்கொள்ளாதபடி 'இளைய நிலா'வின் பேஸை ஒருமுறை முழுதாக வாசித்து முடித்தான்.